ஏழாம் இலக்க நாக்கு

நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆனபிறகு, போன மாசி மாதம், கீர்த்தனா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் இருபத்துநான்கு வருடம் வேலை செய்த உணவு ஆய்வுக்கூடத்தில் அவள் இப்போது புள்ளிவிவரப் பகுதியில் இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. நான் விலகுவதற்கு முந்திய ஆறு மாதமும் மதியச் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் இருந்தவள். நான் "கதைக்கிறது" என்றால் சிரிப்பாள். அவள் "பேசிட்டிருக்கேன்" என்றால் நான் சிரிப்பேன்.

"ஆன்ட்டி, பிஸியா இருக்கீங்களா? ஒரு சின்ன டவுட்டு."

"சொல்லும் பிள்ளை."

"பழைய ஆப்பிள் டேட்டா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருக்கேன். இனிமே ஒரு புது ரகம் வந்தா அது ஜனங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு மெஷினே சொல்லணுமாம். அதுக்குத்தான். ஒரு ஃபைல்ல பன்னெண்டு பேர் டேஸ்ட் பண்ணியிருக்காங்க. ஆனா ரிப்போர்ட்ல பதினோரு பேர்தான் இருக்காங்க. ஏழாம் நம்பரை எடுத்துட்டாங்க. ஏன் எடுத்தாங்கன்னு எழுதுற கட்டம் காலியா இருக்கு. ஏழு யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நிறுத்தினேன்.

"ஓம். அது நான்தான்."

 "ஸாரி ஆன்ட்டி. அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை. நல்லாய்த்தான் இருந்தனான்."

அன்று அவளுக்கு அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் மூன்று குளிர்காலம் நின்றுவிட்டு, கல்யாணமாகி ஒஸ்லோவுக்கு வந்தவள் நான். புருசெத்தில் ஐந்தாம் மாடியில் வீடு. ஆய்வுக்கூடத்துக்குள் நான் முதலில் நுழைந்தது தும்புத்தடியோடும் வாளியோடும்தான். அங்கே சுவைக்கூடம் என்று ஒரு பகுதி இருந்தது. பன்னிரண்டு சிறிய தடுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கதிரை, ஒரு மேசை, துப்புவதற்கு ஒரு கிண்ணம், தட்டை உள்ளே தள்ளுவதற்கு ஒரு சின்னக் கதவு, மேலே ஒரு சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் பச்சை அப்பிளும் சிவப்பு அப்பிளும் ஒரே நிறமாய்த் தெரியும். கண் நாக்குக்குப் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் புதிய ஆட்களைத் தெரிவுசெய்யும் சோதனை நடந்தது. வரவேண்டிய ஒருவர் வரவில்லை. பகுதிப் பொறுப்பாளர் இங்கெபோர்க் நடைபாதையில் தரை துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "தட்டுகள் வீணாகப் போகின்றன, நீ குடித்துப் பார்" என்றார். ஒன்பது கோப்பைத் தண்ணீர். சிலவற்றில் உப்போ சீனியோ புளிப்போ கசப்போ மிகச் சிறிதளவு கரைத்திருந்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஒன்பதையும் சரியாக எழுதினேன். இங்கெபோர்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்குப் பல அர்த்தம் உண்டு என்று பிறகுதான் அறிந்தேன்.

எட்டு மாதப் பயிற்சி. அதைப்பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பழகினேன், தேறினேன். ஏழாம் இலக்கத் தடுப்பறை எனக்கு வந்தது. நோர்வேஜிய மொழியில் எங்களை 'டொம்மர்' என்பார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்பவருக்கும் பந்து விளையாட்டில் விசில் ஊதுபவருக்கும் அதே சொல்தான். வீட்டில் என் மனிசன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

இங்கெபோர்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடிய பெண். வேலையிடத்திலும் கம்பளிக் காலுறையோடுதான் நடப்பார்; பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. குரலை உயர்த்தியதே இல்லை. எங்களுக்கு முன்பே வந்து அப்பிள்களைத் தானே வெட்டுவார். ஒரு பழத்தில் வெயில் பட்ட பக்கம் ஒரு சுவை, நிழல் பக்கம் இன்னொரு சுவை. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு ஒவ்வொரு தட்டுக்கும் வரவேண்டும். தட்டில் மூன்று இலக்கங்கள் மட்டும் எழுதியிருக்கும். யாருக்கு எது முதலில் போகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் முன்னால் அவர் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கமாட்டார். அவருடைய முகத்தை வாசித்து நாங்கள் புள்ளி போட்டுவிடுவோமாம்.

"நல்லது", "ருசி" என்ற சொற்கள் அங்கே தடை. யாராவது அப்படி எழுதினால் ஒன்றும் பேசமாட்டார். தாளைத் திரும்ப அவர் முன்னால் வைத்து, சீவிய பென்சிலையும் வைத்து, பக்கத்தில் நிற்பார். எவ்வளவு புளிப்பு, எவ்வளவு இனிப்பு, கடிக்கும்போது எவ்வளவு நொறுங்குகிறது, எவ்வளவு சாறு, தோல் பல்லில் எவ்வளவு சிக்குகிறது, விழுங்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று கோட்டின்மேல் குறியிட வேண்டும். பிடித்திருக்கிறதா இல்லையா என்பது எங்கள் வேலையல்ல. அதைக் கடைத்தெருவில் சனங்களிடம் கேட்பார்கள்.

"நீ ஒரு கருவி, மலர்" என்பார். "கருவிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது."

வீட்டிலும் நான் கருவியாகத்தான் இருந்தேன். வேலை நாட்களில் காலையில் வெங்காயம் தாளிப்பதில்லை. தலைக்கு எண்ணெய் இல்லை, முகத்துக்குப் பவுடர் இல்லை. மேலங்கியைச் சமையல் மணம் ஏறாமல் வெளி நடையில் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் தொங்கவிடுவேன். மத்தியானம் மற்றத் தமிழ்ப் பெண்கள் வேலையிடங்களில் சோறும் கறியும் சூடாக்கிச் சாப்பிட்ட காலத்தில், நான் பாணும் வெண்ணெய்க்கட்டியும் சாப்பிட்டேன். இருபது வருடத்துக்கு மேல்.

அந்தக் கூடத்தில் எனக்கென்று ஒரு மதிப்பும் இருந்தது. துவர்ப்பு என்ற ஒன்றைப் பிடிக்க மற்றவர்கள் திண்டாடினார்கள். புளிப்பு என்பார்கள், கசப்பு என்பார்கள், வரட்சி என்பார்கள். எங்களுக்கு அது கயர்ப்பு. பச்சை வாழைக்காயைக் கடித்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அது சுவை என்பதைவிடப் பிடி என்றுதான் சொல்ல வேண்டும். பல் முரசையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் பிடிக்கும். மற்றவர்களைப் பழக்குவதற்கான கயர்ப்புக் கரைசல்களை, மெல்லியது, நடுத்தரம், கடுமையானது என்று என்னைக்கொண்டே இங்கெபோர்க் கலக்கவைத்தார்.

இனி அந்த அப்பிளுக்கு வருகிறேன்.

நோர்வே அப்பிள் இலையுதிர்காலத்தில் வரும், மார்கழியில் நத்தாரோடு முடியும். அதன்பிறகு கடைகளில் இருப்பதெல்லாம் வெளிநாட்டுப் பழம். ஈஸ்டர் வரைக்கும் குளிர்க்களஞ்சியத்தில் நிற்கக்கூடிய ஒரு நோர்வே அப்பிளை உண்டாக்க ஒரு பழ நிறுவனம் பல வருடம் உழைத்திருந்தது. ஒருவழியாக ஒரு ரகம் கிடைத்தது. அதைச் சோதித்துத் தரும் பொறுப்பு எங்களிடம் வந்தது. சனம் ஏன் பழம் வாங்குகிறது, ஏன் வாங்காமல் விடுகிறது, எதைக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடச் சாப்பிடும் என்பதெல்லாம் அந்தத் திட்டத்துக்குள் இருந்தது. எங்கள் பகுதிக்கு வந்த வேலைகளில் அதுதான் பெரியது.

சோதனைப் பழங்களைக் கொண்டுவந்தவர் ஒட்வார். மேற்கே ஹார்டங்கரில், மலைகளுக்கிடையில் கடல் நுழையும் ஃபியோர்டைப் பார்த்த ஒரு சரிவில் பழத்தோட்டம் வைத்திருந்தவர். நிறுவனத்துக்காக ஒரு துண்டு நிலத்தில் புதிய ரகத்தை நட்டிருந்தார். லொறியில் அனுப்பினால் பழம் அடிபடும் என்று தன் சொந்த வாகனத்தில் பெட்டிகளை அடுக்கி, மலைக்கு மேலால் தானே ஓட்டிக்கொண்டு வருவார். வந்ததும் எங்களுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுப்பார். கை மரப்பட்டைபோல இருக்கும். எனது பெயரை ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு மறக்கவில்லை.

முதல் இலையுதிர்காலத்தில் அந்த அப்பிள் அருமையாக இருந்தது. கடித்தால் கண்ணாடிபோல உடைந்தது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விடாமல் நின்றன. கருவிக்கு விருப்பு இல்லை என்றாலும் நான் ஒரு துண்டைத் துப்பாமல் விழுங்கினேன்.

பங்குனியில் களஞ்சியத்திலிருந்து எடுத்த பழம் வந்தது. அந்தமுறை நிறுவனம் தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டது. நேரம் போதவில்லை. வழக்கமாக ஒவ்வொரு துண்டையும் மென்று துப்பியபின் முப்பது வினாடி காத்திருந்து பின்சுவையைக் குறிப்போம். அதைப் பத்து வினாடியாகக் குறைத்து இங்கெபோர்க் அறிவித்தல் ஒட்டினார். மற்றவர்கள் பத்து எண்ணிக் குறித்துவிட்டு, தண்ணீரைக் குடித்து அடுத்த தட்டுக்குப் போனார்கள். நான் முப்பது எண்ணிப் பழகியவள். எண்ணினேன்.

பத்தில் ஒன்றுமில்லை. பதினைந்தில் ஒன்றுமில்லை. இருபதைத் தாண்டியதும் அது வந்தது. முதலில் முரசில் ஒரு பிடி, பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு; தோடம்பழத்தின் வெள்ளைத் தோலைச் சப்பியதுபோல. தண்ணீர் குடித்தாலும் போகவில்லை. அடுத்த தட்டும் அப்படியே. மூன்று நாள், காலையும் மாலையும், களஞ்சியப் பழம் வந்த ஒவ்வொரு தட்டிலும் அது இருந்தது. கோட்டின் வலது அந்தத்தில், மிகக் கடுமை என்ற இடத்தில், குறியிட்டேன்.

நான்காம் நாள் இங்கெபோர்க் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்கார், மலர்."

மேசையில் ஒரு தாள். பின்சுவைப் புள்ளிகளுக்கு ஆளுக்கொன்றாய்ப் பன்னிரண்டு கோடுகள். பதினொன்று அடியோடு அடியாய் ஓடின. ஒன்று மட்டும் மலைபோல எழும்பி நின்றது.

"சுவாரசியமாக இருக்கிறது" என்றார்.

"நான் உணர்ந்ததைத்தான் போட்டேன்."

"எத்தனை வினாடி காத்திருந்தாய்?"

"முப்பது."

"பத்து என்று நான் எழுதி ஒட்டியிருக்கிறேன்."

"பத்தில் அது வருவதில்லை. இருபதுக்குப் பிறகுதான் வருகிறது. வீட்டில் அப்பிள் சாப்பிடுகிறவன் வினாடி எண்ணித் தண்ணீர் குடிக்கமாட்டான், இங்கெபோர்க்."

அவர் எழுந்து போனார். கால்மணி நேரம் கழித்து எட்டுக் கோப்பைகளோடு வந்தார். நான் கலக்கிய அதே கயர்ப்புக் கரைசல், ஆனால் நாங்கள் மெல்லியது என்பதைவிட இன்னும் மெல்லியதாக. சிலவற்றில் வெறும் தண்ணீர். எனது நாக்குப் பழுதாகிவிட்டதா என்று பார்க்கிறார் என்று விளங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தாளை நாலாக மடித்தார். திட்டத்தின் தாள்கள் அடுக்கிய கோவை பக்கத்திலேயே திறந்திருந்தது. தாளை அதற்குள் வைக்கவில்லை. தன் கம்பளிச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டார்.

எட்டும் சரி, என் நாக்கில் பிழையில்லை என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் குணங்களின் பட்டியலில் பின்சுவை என்ற வரியே இல்லை; முதல் மூன்று நாள் புள்ளிகளிலிருந்து ஏழாம் இலக்கத்தையே எடுத்துவிட்டார்கள் என்பதைக் கீர்த்தனா கேட்டபோதுதான் அறிந்தேன். நேரம் போதாததால் நீக்கியிருப்பதாகச் சொன்னார்கள். எட்டே எட்டுக் குணங்களோடு களஞ்சியப் பழத்தை மறுபடி சோதித்தோம். முடிவில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். இந்தப் பட்டியல் பழத்தின் முக்கியமான குணங்கள் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறது என்று பன்னிரண்டு பேரும் ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. நான் பேனையை எடுக்கவில்லை. மற்றவர்கள் போனபிறகு இங்கெபோர்க் எனக்கெதிரில் இருந்தார்.

"இந்தப் பகுதியின் பாதி வேலை அந்த நிறுவனத்திலிருந்து வருகிறது" என்றார். "அவர்கள் போனால் இந்தத் தடுப்பறைகளைக் கழற்றிவிடுவார்கள். பன்னிரண்டு பேர், மலர்."

என் முன்னால் கிடந்த தாளை ஒருதரம் நேராக்கி வைத்தார்.

"பிறகு, உன்னுடைய நிரந்தர நியமனம். போன வாரம்தான் பணிப்பாளரின் மேசையில் வைத்தேன். சித்திரையில் முடிவு வரும்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு எழும்பிப் போவது சுலபமாக இருந்திருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு செய்திகளைப்போல இரண்டையும் அமைதியாகச் சொல்லிவிட்டு, பென்சில்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

ஆறு வருடமாக ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தவள் நான். என் மனிசனுக்கு முதுகு பழுதாகி வேலை நின்றிருந்தது. லோறென்ஸ்கூக்கில் ஒரு வீடு பார்த்திருந்தோம். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் வங்கி வாய் திறக்காது என்றது. இதெல்லாம் காரணங்கள். எல்லாம் உண்மையான காரணங்கள். நான் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்குப் போய் மனிசனிடம் சொன்னேன்.

"நீர் சொல்லவேண்டியதைச் சொன்னனீர்தானே" என்றார். "அவையள் கேக்கேல்லை எண்டால் அது அவையளின்ரை பிழை."

"ரெண்டாந்தரம் நான் சொல்லேல்லையப்பா. கையெழுத்தெல்லோ வைச்சனான்."

"எத்தினை பேர் வைச்சவை?"

"பன்னிரண்டு பேரும்."

"பிறகென்ன" என்று தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் அல்ல. எனக்கு நித்திரை வரவேண்டும் என்று அப்படிச் சொன்னார்.

அடுத்தது ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் பொதுசனச் சோதனை. நுழைவாயிலில் மேசைகள் போட்டு, போகிறவர் வருகிறவருக்கு ஒரு துண்டு அப்பிளும் ஒரு தாளும் கொடுத்தோம். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். ஒன்றில் புள்ளடி போட்டால் போதும். தமிழர்களும் வருவார்கள் என்பதால் என்னை ஒரு மேசையில் விட்டார்கள். சனம் நடந்தபடி வாங்கி, நடந்தபடி கடித்து, சிரிக்கும் முகத்தில் புள்ளடி போட்டுவிட்டுப் போனது. பத்து வினாடிகூட யாரும் நிற்கவில்லை.

ஒரு தமிழ் ஆள், கையில் சாமான் பைகளோடு, புள்ளடி போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்தார்.

"அக்கா, முதல் நல்லாய்த்தான் இருந்தது. இப்ப நாக்கைப் பிடிக்குது. கயருது. இதை எங்கை எழுதுறது?"

தாளை எடுத்துக் காட்டினேன். மூன்று முகங்கள். "அதுக்கு இதிலை இடமில்லை, தம்பி."

"அப்ப ஏன் கேக்கிறியள்?" என்றுவிட்டுப் போனார்.

அவருடைய சிரிக்கும் முகமும் மற்றவற்றோடு எண்ணப்பட்டது.

ஒட்வார் கடைசிப் பெட்டிகளைக் கொண்டுவந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. நடைபாதையில் நானும் அவரும் மட்டும் நின்றோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மலர், ஒன்று கேட்கலாமா? பனி கரைந்ததும் பழைய மரங்களை வெட்டப்போகிறேன். அப்பா நட்டவை. நிலம் முழுக்க இந்தப் புதியதைப் போடச் சொல்கிறார்கள். நீங்கள்தான் இதைத் தின்று பார்த்தவர்கள். ஆம், இல்லை, ஒரு சொல் போதும்."

எங்கள் பின்னால் ஒருவரும் இல்லை. இங்கெபோர்க் கூட்டத்தில் இருந்தார். ஒரு சொல்கூடத் தேவையில்லை, தலையை அசைத்திருந்தாலே போதும்.

"எனக்குச் சொல்ல அனுமதி இல்லை, ஒட்வார்" என்றேன்.

அவர் சிரித்தார். "சரி சரி. மோசம் என்றால் உன் முகம் இப்படி இருக்காது." தோளில் மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பல வருடம் ஒன்றையும் காட்டாமல் பழக்கிய முகம்.

சித்திரையில் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. ஆவணியில் லோறென்ஸ்கூக்குக்கு வீடு மாறினோம்.

மரங்கள் காய்க்க மூன்று வருடம் எடுத்தது. பழம் சந்தைக்கு வந்தபோது அதற்கு ஒரு பெண்பிள்ளையின் பெயர் வைத்து, சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டி, எல்லாக் கடையிலும் வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள். இலையுதிர்காலம் முழுக்க நன்றாக விற்றது. தை மாதத்துக்குப் பிறகு நின்றது. வாங்கியவர்கள் ஒருமுறை வாங்கினார்கள், இரண்டாம்முறை வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. "என்னவோ பிடிக்கவில்லை" என்றார்கள். அடுத்த குளிர்காலமும் அதே கதை. மூன்றாம் வருடம் நிறுவனம் அந்த ரகத்தை வாங்குவதையே நிறுத்திவிட்டது. களஞ்சியத்தில் நிற்காத அப்பிள் என்றால் அவர்களிடம் ஏற்கெனவே வேறு இருந்தது.

பிறகு ஒரு கூட்டம் வைத்தார்கள். என்ன நடந்தது என்பதைத் தோட்டக்காரர்களுக்கு விளக்குவதற்காக. எங்கள் பகுதியையும் கூப்பிட்டார்கள். இங்கெபோர்க் திரையில் படங்கள் காட்டினார். சந்தை மாறிவிட்டது, நுகர்வோரின் விருப்பம் மாறிவிட்டது என்று சொன்னார். அது முடிந்ததும் ஒட்வார் எழுந்தார்.

"பன்னிரண்டு வாய்கள் இதைத் தின்றன" என்றார். "ஒரு வாய்க்குக்கூடவா தெரியவில்லை?"

"குழுவின் தரவுகளில் எந்த விலகலும் இல்லை" என்றார் இங்கெபோர்க். அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை. தரவுகளில் விலகல் இல்லை. விலகியதைத்தான் எடுத்துவிட்டார்களே.

ஒட்வார் எங்கள் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது அவர் கண் நிற்கவில்லை. என்னை நம்பியதால்தான் நிற்கவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். நான் என் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் இங்கெபோர்க் ஓய்வுபெற்றார். பிரியாவிடையில் என்னைக் கட்டியணைத்து, "என்னிடம் இருந்த கருவிகளில் நீதான் சிறந்தது" என்று காதுக்குள் சொன்னார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

கீர்த்தனா மறுபடி தொலைபேசி எடுத்தபோது நடந்ததை அவளுக்கு முழுதாகச் சொன்னேன்.  இரண்டு நாள் கழித்து எடுத்து, "பாஸ்கிட்ட கேட்டேன் ஆன்ட்டி" என்றாள். "வாய்ல சொன்னதையெல்லாம் காரணம்னு ஏத்த முடியாதாம். காரணம் இல்லாததால ஏழாம் நம்பரை வெளியவே விட்டுடணுமாம். எனக்கு மனசே ஆறல."

"நீர் என்ன செய்வீர், பிள்ளை" என்றேன். அந்த இயந்திரமும் இப்போது பதினொரு பேரிடம்தான் படித்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒட்வாரிடம் போகவேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. புரட்டாதியில் பஸ்ஸுக்குப் பதிவு செய்தேன்.

"இப்ப போய்ச் சொல்லி என்ன வரப்போகுது?" என்றார் என் மனிசன். "அந்தாளின்ரை மரம் திரும்ப முளைக்குமே?"

"முளையாது."

"பிறகேன் போறீர்?"

 தனியாகப் போனேன்.

மலையைத் தாண்டி ஃபியோர்டுக்கு இறங்க நெடுநேரம் எடுத்தது. அவருடைய சரிவில் மரங்கள் இல்லை. அறுத்த அடிக்கட்டைகள் வரிசை வரிசையாய்ப் புல்லுக்குள் தெரிந்தன. அவற்றுக்கிடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் செம்மறிகள் மேய்ந்தன. ஒட்வார் வேலிக் கட்டைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது. காப்பி கொடுத்தார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை, படியில் இருந்தோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வினாடி, மடித்த தாள், கையெழுத்து, நடைபாதை. ஒன்றையும் மறைக்கவில்லை. எனது காரணங்களையும் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் பழத்தில்தான் இருந்தது" என்றார். "என்னில் இல்லை."

"உங்களில் இல்லை."

"என் மகன் பேர்கனில் இருக்கிறான். நான் களஞ்சியத்தில் கவனமில்லாமல் வைத்துப் பழுதாக்கினேன் என்று நினைக்கிறான். கூட்டத்தில் சந்தை என்றார்கள், பிறகு நிறுவனம் அப்படித்தான் எங்களுக்கு எழுதியது. அவன் இப்போது வருவது குறைவு. தோட்டத்தை நான்தான் அழித்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னான்." சுத்தியலைப் படியில் வைத்தார். "எனக்கு யாரிடமிருந்தும் எதுவும் வேண்டாம். நீ இப்போது சொன்னதை ஒரு தாளில் எழுதி, பெயர் போட்டுத் தருவாயா? அவனுக்குக் காட்ட."

வேலைக்குச் சேர்ந்த நாளில் நான் இரகசியம் காப்பதாக ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் அது செல்லும். அதை அவருக்குச் சொன்னேன். யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஒட்வார் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பஸ் நாலு மணிக்கு" என்றார். "அதை விட்டால் நாளைக்குத்தான்."

வீட்டுக்கு வந்தபிறகு மூன்று தடவை அந்தத் தாளை நோர்வேஜிய மொழியில் எழுதத் தொடங்கினேன். மூன்று தடவையும் என் பெயர் வரவேண்டிய இடத்தில் பேனை நின்றது. தமிழில் இதைத்தான் முதலிலிருந்து கடைசிவரை எழுதி முடித்திருக்கிறேன். ஒட்வாரின் மகனுக்கு இதை வாசிக்கத் தெரியாது.